பதினொரு பேர், இருபத்தொரு கை

வூச் நகரத்தில் நவம்பர்.
மூன்றரை மணிக்கே விளக்குப் போட வேண்டும்.
ஹால்ஷ்கா திரையில் விரிக்கிறாள்:
சாயப்பட்டறை வாசல், 1929,
பதினொரு பெண்கள், பின்னால் ஆறு.

அனுப்பியவர் ஸெனோன், டிராம் ஓட்டுநர்.
'இடமிருந்து நான்காவது லெயோகாடியா.
என் அப்பாவின் அத்தை.
மகள் கல்யாணத்துக்குள் கிடைத்தால் நல்லது.
அடையாளம் சுலபம்,
சிரிக்கிற ஒரே ஆள் அவள்தான்.'

முதல் வேலையை மென்பொருள் பார்த்துக்கொள்கிறது.
தேநீர் ஆறுவதற்குள்
வானம் நீலம், புல் பச்சை, ஆறு நீலம்,
பதினொரு முகத்துக்கும் ஒரே ரோஜா நிறம்,
ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி.
அது பார்த்து வளர்ந்த கோடிப் படங்களில்
ஆறு என்றால் நீலம்தான்.
அதைக் கோபித்து என்ன செய்ய?
மாதிரிக்கு இருக்கட்டும் என்று
அப்படியே ஸெனோனுக்குத் தட்டிவிட்டாள்.

சிவப்பைச் செக்கச்செவேல் என்று அடுக்கலாம்.
பச்சைக்குப் பசேல். கருப்புக்குக் கன்னங்கரேல்.
சாம்பல் அடுக்குக்கு வராது.
யாரையும் காட்டிக்கொடுக்காத நிறம்.
தக்காளியை விசாரித்தாலும்
தக்காளி இலையை விசாரித்தாலும்
ஒரே பதில்தான் சொல்லும்.

இரவே எழுதிவிட்டார் ஸெனோன்:
'கையுறை கொடுத்திருக்கிறார்கள்!
எங்கள் வீட்டில் யாருக்கும் இது தெரியாது.
அந்த முதலாளியை மூன்று தலைமுறையாகத்
திட்டிக்கொண்டிருக்கிறோம், பாவம்.'

கையுறையா?
ஹால்ஷ்கா படத்தைப் பெரிதாக்கினாள்.
ஆமாம். முழங்கை வரை எல்லோருக்கும்
பழுப்புத் தோலில், கச்சிதமாக,
மென்பொருள் மாட்டிவிட்டிருந்தது.

நிறத்தை உரித்துவிட்டு மூலத்தைப் பார்த்தாள்.
இன்னும் பெரிதாக. இன்னும்.
லெயோகாடியாவின் கட்டைவிரலில் நகம் தெரிந்தது.
பக்கத்திலிருப்பவளின் மோதிரம்
கருப்புக்கு நடுவே ஒரு வெள்ளை நூலாய்.
கையுறைக்கு வெளியே யார் மோதிரம் போடுவார்கள்?

அந்தக் காலத்துத் தகடுகளுக்குச் சிவப்பு தெரியாது.
நீலத்தை வெளுப்பாக்கும், சிவப்பை இருட்டாக்கும்.
கைகள் இருட்டு.
பின்னால் ஆறும் அதே இருட்டு,
மேலே வானம் வெள்ளைவெளேர்.
பட்டறை அன்று எதை முக்கியெடுத்ததோ
அதையேதான் ஆறும் உடுத்தியிருந்தது.

'கொடுக்கவில்லை' என்று தட்டச்சு செய்தாள்.
அழித்தாள்.
சும்மா விட்டால் யாருக்கு நட்டம்?
கல்யாண வீட்டுச் சுவரில்
கௌரவமாய்த் தொங்கும் பதினொரு ஜோடி கையுறை.
பணமும் பாதி வந்தாகிவிட்டது.

பிறகு கழற்ற ஆரம்பித்தாள், ஒவ்வொன்றாக.
விரலிடுக்கில் தூரிகை இரண்டு பிக்ஸல்.
மணிக்கட்டில் சாயம் கரை கட்டிய கோடு,
ஒருத்திக்கு மேலே, ஒருத்திக்குக் கீழே.
மொத்தம் இருபத்தொரு கை.
ஓரத்தில் நிற்கிறவள் ஒன்றைப்
பாவாடைக்குப் பின்னால் ஒளித்திருக்கிறாள்.
அதைத் தேடிப் போகவில்லை ஹால்ஷ்கா.

விடியற்காலையில் அனுப்பினாள்.
கூடவே ஒரே வரி:
'மன்னியுங்கள், அது கையுறை இல்லை, கை.'

ஒன்பது நாள் சத்தமே இல்லை.
ஆறு இப்போது தெருவுக்கடியில் குழாயில் ஓடுகிறது.
அதன் தலைக்குமேல்தான்
ஸெனோனின் டிராம், ஒரு நாளைக்குப் பதினான்கு தடவை.

பத்தாம் நாள் வந்தது, முகமன் இல்லாமல்:
'அப்படியென்றால் தண்ணீர் மட்டும் ஏன் இன்னும் நீலம்?'

மாற்றிக்கொண்டிருக்கிறார்கள் இருவரும்,
அவர் ஷிஃப்ட் முடிந்த பிறகு, தொலைபேசியில்.
சிவப்பு என்றவரை ஒத்துப்போய்விட்டார்கள்.
எந்தச் சிவப்பு என்பதில்தான் இழுபறி.
கல்யாணம் சனிக்கிழமை.